கரைமேட்டுத் தெருவின் நிறம்

மதுரையில் ஒரு சுவர் காலியாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். காதுகுத்தானாலும் சரி, கட்சிக்காரருக்குப் பிறந்தநாளானாலும் சரி, ஒருவர் கண்ணை மூடினாலும் சரி, சேதி முதலில் சுவருக்குப் போகும், சொந்தக்காரர்களுக்கு அப்புறம்தான். ஊரிலேயே பிறந்து வளர்ந்த மீனலோசனிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த நோய்ப்படத்தை அவளால் உண்டாக்க முடிந்தது.

வறட்டுக் காய்ச்சல் முதல்முறை வந்தபோது ஆஸ்பத்திரிக் கணக்கு ஒன்று சொன்னது, அரசாங்கக் கணக்கு இன்னொன்று சொன்னது, சுடுகாட்டுப் புகை இரண்டையும் பார்த்துச் சிரித்தது. அப்போதுதான் லோசனி டவுன் பஸ்களின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கேமராவைப் பொருத்தச் சொன்னாள். பஸ் போகிற வழியெல்லாம் கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டே போகும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் பட்டால் பெயர், வயது, தெரு, முகம் எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். காலையில் ஊர்க்காரர்கள் போனைத் திறந்தால் ஒவ்வொரு தெருவும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் அவளுக்குப் பொன்னாடை போடாத சங்கம் கிடையாது. இப்போது மூன்றாவது அலை. பொன்னாடைகள் பீரோவில் கிடக்கின்றன. அவளுக்குத் தூங்கினால் போதும் என்றிருக்கிறது.

நோய்ப்பட மையத்துக்குப் புது இயக்குநராக வந்திருந்த கீர்த்திவாசனுக்கும் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்த வாரத்திலேயே கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுவரளவு பெரிய படத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"மேடம், ஒண்ணு புரியல. மத்த ஊர்ல சாக்கடைத் தண்ணியைச் சோதிச்சு நோயைக் கண்டுபிடிக்கிறாங்க. நீங்க ஏன் செவுத்தைப் பாக்குறீங்க?"

"இங்க எந்தத் தெருத் தண்ணி எந்த வழியா ஓடுதுன்னு சாக்கடைக்கே தெரியாது சார்" என்றாள் லோசனி. "நம்ம ஆளுங்க டாக்டர்கிட்ட மறைப்பாங்க. கணக்கெடுக்க வர்றவங்ககிட்ட மறைப்பாங்க. ஆனா செத்துப்போன அப்பாவைப் பத்திச் செவுத்துல பொய் சொல்ல மாட்டாங்க. ஒரே தெருவுல அடுத்தடுத்து மூணு பேருக்கு போஸ்டர் வந்துச்சுன்னா அந்தத் தெரு சிவப்பு."

"சிவப்பானா?"

"ஊசி வேன் போகும். ஊசி ஊருக்கே பத்தல, அதனால சிவப்புக்குத்தான் முதல்ல. காய்ச்சல் கண்ட உடனே ஒண்ணு, சில நாள் கழிச்சு ரெண்டாவது ஒண்ணுன்னு போட்டா பிழைச்சுக்குவாங்க. ஆனா தெருவை அடைச்சிருவாங்க. வேலைக்குப் போக முடியாது."

"வேலைக்குப் போக முடியாதுன்னு மட்டுமில்ல, வேலையே போயிரும். அதையும் சொல்லுங்க மேடம்" என்றார் பக்கத்து மேஜையிலிருந்த இம்மானுவேல். படம் தொடங்கிய நாளிலிருந்து அதோடு மாரடிக்கிறவர் அவர். தலையைத் தூக்காமலே பேசுவார்.

"நிறம் தப்பா இருந்தா நாம கையால மாத்த முடியாதாமே?" என்றார் கீர்த்திவாசன்.

"நான்தான் சார் பூட்டுனேன். முதல் அலையில ஒரு பெரிய மனுஷர், தன்னோட கல்யாண மண்டபம் இருக்கிற தெருவைப் பச்சையாக்கச் சொன்னாரு. இன்னொருத்தர், தனக்கு ஓட்டுப் போடாத தெருவைச் சிவப்பாக்கச் சொன்னாரு. ரெண்டும் நடந்துச்சு. அதுக்கப்புறம் நிறத்துல யாரும் கை வைக்க முடியாதபடி பண்ணிட்டேன். அப்புறம் பாத்தா, ஆகாதவன் தெருவுல பொய் போஸ்டர் ஒட்ட ஆரம்பிச்சாங்க. அதனால போஸ்டர்ல இருக்கிற முகத்தை இயந்திரம் அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கும். அட்டையில அதே தெரு இருந்தாத்தான் சேத்துக்கும். அப்படியும் ஒரு பொய் மாட்டுச்சுன்னா, அந்த அலை முடியிற வரைக்கும் அந்தத் தெருவோட போஸ்டர் ஒண்ணையும் நம்பாது."

"ஒருத்தர் பொய்க்குத் தெருவுக்கே தண்டனையா? கடுமையா இருக்கே."

"அப்ப நியாயமாத் தெரிஞ்சுது சார்."

"இப்ப போஸ்டர்தான் இறப்புச் சான்றிதழ்" என்றார் இம்மானுவேல். "ரேஷன், பேங்க், பென்ஷன் எல்லாம் இங்க இருந்துதான் நிறுத்துறோம். ஆபீஸ் ஆபீஸா அலையிற வேலை மிச்சம்னு கவர்மெண்ட் சேத்து விட்டுருச்சு."

கீர்த்திவாசன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஊர்ல முக்கால்வாசி பச்சையாத்தானே இருக்கு? நல்ல விஷயம்தானே?"

அந்தப் பச்சையைத்தான் லோசனியால் நம்ப முடியவில்லை.

போன வருஷம் நடந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? இயந்திரத்துக்குக் கண்ணீர் அஞ்சலியைத் தெரியும். முதலாம் ஆண்டு நினைவஞ்சலியைத் தெரியாது. அதே புகைப்படம், அதே பெயர், அதே குத்துவிளக்கு. முதல் அலையில் போனவர்களுக்கு வருஷம் திரும்பியதும் வீட்டுக்காரர்கள் ஊரெல்லாம் நினைவஞ்சலி ஒட்டினார்கள். செத்தவர்கள் எல்லாரும் இன்னொரு முறை செத்துவிட்டதாக இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஒரு தும்மல்கூட இல்லாத தெருக்கள் சிவப்பாகி அடைபட்டன. மதுரைக்காரி ஒருத்தி கட்டிய இயந்திரத்துக்கு மதுரையின் வருஷ வழக்கம் தெரியாமல் போனதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது சூடாகிவிடும். அடையாள அட்டையோடு ஒப்பிடும் ஏற்பாடெல்லாம் அதற்கப்புறம் வந்தது. ஆனால் அதற்குள் ஊர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. அதுவரை ஏதோ செயற்கைக்கோள் பார்க்கிறது, போன் ஒட்டுக்கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, பார்ப்பது போஸ்டரை என்று விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து தெருத்தெருவாகச் சுவர்கள் காலியாக ஆரம்பித்தன.

அப்படி வீணாகச் சிவப்பான தெருக்களில் ஒன்று வைகைக்கு வடகரையில் இருக்கும் கரைமேட்டுத் தெரு. லோசனி பிறந்த தெரு. அவளுடைய அக்கா அம்சவேணி இன்னும் அந்தப் பிறந்த வீட்டில்தான் இருக்கிறாள். அக்காவின் கணவர் பொன்னையா ரிட்டயர்டு கண்டக்டர். தெரு நலச் சங்கத்தின் செயலாளர். கீர்த்திவாசன் கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அந்த அக்காவிடமிருந்தே போன் வந்தது.

"ஒண்ணுமில்லடி... சும்மாதான்... உன் குரலைக் கேக்கணும்போல... இருந்துச்சு."

மூச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தது. இந்த மூச்சை லோசனி ஆயிரம் முறை கேட்டிருக்கிறாள். தொண்டை காய்ந்து, நெஞ்சு காய்ந்து, சொல் பாதியில் நிற்கும் மூச்சு.

"அக்கா, உனக்குக் காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"காய்ச்சலா? வெயிலுடி... நேத்து மாடியில... வடகம் காயப்போட்டேன்."

"தெருவுல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றாள் அக்கா. அந்த ஒரு வாக்கியம் மட்டும் அறுபடாமல் வந்தது. சொல்லிப் பழகிய வாக்கியம்.

லோசனி போனை வைத்துவிட்டு கீர்த்திவாசனிடம் போனாள். கரைமேட்டுத் தெருவுக்கு ஒரே ஒரு வேன் அனுப்ப வழியுண்டா என்று கேட்டாள். அவர் டீயைக் கீழே வைத்தார். கேலியாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார்.

"பட்டன் எங்க மேடம் இருக்கு? நீங்கதான் எடுத்துட்டீங்களே. உங்க அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"பச்சைத் தெரு விலாசத்தோட போனா மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்க சார். படத்தைக் கேட்டுட்டுத்தான் அங்க ஊசியைத் தொடுவாங்க. அதுவும் நம்ம படம்தான்."

லோசனி முகக்கவசத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கரைமேட்டுத் தெரு முனையில் இறங்கியதுமே கண் கூசியது. தெரு முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எந்தத் தெருவில் ஒருகாலத்தில் போஸ்டரின் மேல் போஸ்டர் ஒட்டி, சுவர் மெத்தை கணக்காக உப்பிக் கிடந்ததோ அந்தத் தெருவில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சினிமா போஸ்டர்கூட இல்லை. ஒன்றை விட்டால் மற்றதும் வரும் என்று மொத்தமாகச் சுரண்டிவிட்டார்கள் போலிருக்கிறது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். அவளைப் பார்த்ததும் உள்ளே போனார்கள்.

அக்கா பின்னறைக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடு வெடித்து வெள்ளையாகியிருந்தது.

"ஏண்டி வந்தே? உனக்கும்... ஒட்டிக்கப் போகுது."

"பேசாத. அத்தான் எங்க?"

"வருவாரு. கதவைச் சாத்து... காத்து சூடா வருது."

லோசனி கதவைச் சாத்தினாள். கதவின் பின்பக்கம் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மீசையும் சிரிப்புமாகத் தர்மராசு. பொன்னையாவின் தம்பி, மாடிவீட்டுக்காரர். லோசனியின் கல்யாணத்தில் பந்தியைக் கட்டி மேய்த்தவர். அந்தக் கல்யாணம் முறிந்தபோது, அவள் கேட்காமலே லாரி பிடித்து வந்து அவளுடைய சாமான்களை ஏற்றிக் கொடுத்தவர். சுவரில் ஒட்டுவதற்கென்று அடித்த பெரிய போஸ்டர் கதவுக்குள் அடங்காமல் கீழே மடங்கியிருந்தது.

"தர்மராசண்ணன் போயிட்டாரா?" லோசனி கட்டில் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஏன்க்கா சொல்லல?"

அக்கா அழ ஆரம்பித்தாள். அழக்கூட மூச்சு பற்றவில்லை.

"உனக்குச் சொன்னா..." என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பொன்னையா கதவைத் திறந்துகொண்டு நிலைப்படியில் நின்றிருந்தார். "உனக்குச் சொன்னா படத்துக்குச் சொன்ன மாதிரிதானேம்மா."

அவர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நன்றாக இளைத்திருந்தார்.

"வேன் பிடிச்சு, மாஸ்க்கைப் போட்டு, சன்னலோரமா உக்கார வச்சு மேலூர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில செக்போஸ்ட்ல கேட்டாங்க. தூங்குறான்னு சொன்னேன். கூடப்பொறந்தவனைப் பொணம்னு சொல்லி அழ முடியல எனக்கு. கொட்டு இல்ல, சங்கு இல்ல. போஸ்டரை மட்டும் மனசு கேக்காம அடிச்சுட்டேன். எங்க ஒட்டுறது? வீட்டுக்குள்ள ஒட்டினேன். எங்க வீட்ல மட்டுமில்லம்மா. எதிர்த்த வீட்ல பீரோவுக்குப் பின்னால இருக்கு. முக்குக் கடைக்காரரு அடுப்படியில ஒட்டியிருக்காரு."

"எத்தனை வீட்ல அத்தான்?"

"நான் எண்ணல."

"வெளிய ஒட்டுங்க. மூணு பேர் ஒட்டினாப் போதும். காலையில ஊசி வந்துரும். அக்காவைப் பாருங்க அத்தான். இன்னும் ரெண்டு நாள் விட்டா ஊசி வந்தும் பிரயோசனமில்ல."

"எனக்குத் தெரியாதா? என் பொண்டாட்டி." அவர் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. "போன வருஷம் நீ இந்தத் தெருவுக்குச் சிவப்படிச்சே. ஒருத்தனுக்கும் ஒரு சளி இல்ல. ஆனா வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்க அத்தனை பேரையும் நிப்பாட்டினாங்க. இன்னைக்கு வரைக்கும் பாதிப்பேரைத் திரும்பக் கூப்பிடல. நம்ம தெருக் கோமதி மகளுக்குப் பரிசம் போட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க படத்தைக் காட்டிட்டு எந்திரிச்சுப் போனாங்க. அப்பத்தான் தெருக்கூட்டம் போட்டோம். இனி என்ன நடந்தாலும் செவுத்துல ஒட்டுறதில்லன்னு முடிவு. நான்தான் எழுந்து நின்னு சொன்னேன். அன்னைக்கு உசிரோட இருந்தோம், சிவப்பா இருந்துச்சு. இன்னைக்குச் செத்துக்கிட்டிருக்கோம், பச்சையா இருக்கு. என்ன படம்மா இது?"

அவர் சொன்ன நியாயத்தை எதிர்த்துப் பேச லோசனிக்குத் தெம்பு இல்லை.

"முதல்ல ஒட்டுறவன்தான் தெருவைக் காட்டிக் குடுத்தவன்" என்றார் பொன்னையா. "ரெண்டாவது ஒட்டுறவனை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அந்த முதல் ஆளா நிக்க யாருக்கும் தைரியம் இல்ல. எனக்கும் இல்ல. நானே போட்ட கட்டு."

அக்கா கட்டிலிலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சண்டை போடாதீங்க" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். விலா எலும்பு ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. லோசனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கைப்பையைத் திறந்து தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். கல்யாணம் முறிந்து வருஷம் பத்தாகிறது. வாடகை வீடு நாலு மாறியாகிவிட்டது. விலாசத்தை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று ஒத்திப்போட்டே வந்திருக்கிறாள். அட்டையில் இன்னும் கரைமேட்டுத் தெருதான் இருந்தது.

காஜா மைதீனின் அச்சகம் இரண்டு தெரு தள்ளி. ஒருகாலத்தில் நிற்க இடமில்லாமல் ஓடிய கடை. இப்போது அவர் ஒரு மூலையில் கல்யாணப் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. என்ன அடிக்கணும்?"

"கண்ணீர் அஞ்சலி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெளிய ஒட்டவா, உள்ள ஒட்டவா? இல்ல, இப்ப அப்படித்தான் கேட்டு அடிக்கிறோம். உள்ளன்னா சின்ன சைசு போதும்."

"வெளிய ஒட்டத்தான். பெரிசு."

லோசனி போனிலிருந்து போட்டோவை அனுப்பினாள். பொன்னாடை போட்ட நாளில் எடுத்தது. அவளிடம் வேறு சிரித்த போட்டோ இல்லை. காஜா மைதீன் அதைத் திரையில் பெரிதாக்கிவிட்டு அவளையும் பார்த்தார்.

"கூடப்பொறந்தவங்களாக்கா? அப்படியே உங்க சாடை."

"நான்தான்."

அவர் கை நின்றுவிட்டது. "விளையாடாதீங்க. உசிரோட இருக்கிறவங்களுக்கு எங்க வாப்பா காலத்துல இருந்து அடிச்சதில்ல. நாக்குல சொல்றதே ஆகாது."

"பாய், என் அக்கா அந்தத் தெருவுல மூச்சு விட முடியாம கெடக்குறா. இன்னும் எத்தனை வீட்ல எத்தனை பேர்னு தெரியல. அங்க யாரோ ஒருத்தர் முதல்ல செத்தாகணும். என்னைத் தவிர வேற யாரு செத்தாலும் அந்தத் தெரு அவங்களை மன்னிக்காது. நான் ஏற்கெனவே கெட்ட பேர் எடுத்தவ. அடிங்க."

காஜா மைதீன் மடித்த பத்திரிகைகளை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தார். தோற்றம் என்ற இடத்தில் அவள் பிறந்த தேதியைக் கேட்டு அடித்தார். மறைவு என்ற இடத்தில் அன்றைய தேதியை அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வருந்துறவங்க யாரு யாரு? கணவர், பிள்ளைங்க?"

"இல்ல."

"அக்கா, அத்தான் பேரு?"

"போட்டா அவங்களைத்தான் திட்டுவாங்க. வேண்டாம்."

"ஒருத்தர் பேரும் இல்லாம அஞ்சலி அடிக்க முடியாதுக்கா. அது அநாதைப் பொணம் மாதிரி ஆயிரும்."

லோசனி யோசித்தாள். தான் செத்தால் அழக்கூடியவர்கள் யார் என்று யோசிக்க ஒரு பெண்ணுக்கு நாற்பத்தாறு வயதில் இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இப்படிக்கு, கண்ணீருடன் வருந்தும் கரைமேட்டுத் தெரு பொதுமக்கள்னு போடுங்க" என்றாள்.

போஸ்டரோடு ஒரு வாளி மைதா பசையையும் அவரே கலக்கிக் கொடுத்தார். வெயில் தாழ்கிற நேரத்தில் லோசனி தெருமுனையில், பஸ் திரும்புகிற இடத்துக்கு நேர் எதிரே, வெள்ளைச் சுவரில் தன்னைத்தானே ஒட்டினாள். பழக்கமில்லாத கை, ஓரம் சுருங்கிவிட்டது. முடித்துத் திரும்பினால் தெருவே வாசலில் நின்றது.

யாரோ ஒரு பெண் "அய்யய்யோ, உசிரோட இருக்கிறவளுக்கு..." என்று வாயைப் பொத்தினாள். கோமதிதான் முதலில் சத்தம் போட்டாள். "இன்னொரு தடவை எங்க பொழப்பைக் கெடுக்க வந்துட்டியா? கிழிங்கய்யா அதை!" ஒருவன் முன்னால் வந்தான். சுவரில் கை வைத்தவன், கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நின்றுவிட்டான். கரைமேட்டுத் தெரு பொதுமக்கள். தன் பெயரைக் கிழிப்பதா வேண்டாமா என்று அவனுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"பொய்தான்" என்றாள் லோசனி, எல்லாரையும் பார்த்து. "ஆனா இது ஒண்ணு பத்தாது. மூணு வேணும். இன்னும் ரெண்டு என்னால பொய்யா செய்ய முடியாது. உங்ககிட்ட இருக்கிறது நிஜம். சாயங்கால பஸ் வர இன்னும் நேரமிருக்கு. முதல்ல ஒட்டினது யாருன்னு நாளைக்கு யாராவது கேட்டா, என்னைக் கைகாட்டுங்க."

பொன்னையா கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் சிரிக்கிறவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லோசனி பசைவாளியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். அக்காவின் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. கொஞ்ச நேரத்தில் பொன்னையா உள்ளே வந்தார். கதவின் பின்னாலிருந்த தம்பியை, கிழிந்துவிடாமல், ஓரத்தில் தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்தார். சுருட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா கண்ணைத் திறக்காமலே லோசனியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அப்புறம் தெருவில் முதல் ஒப்பாரி கேட்டது. ஒரு வீட்டிலிருந்து தொடங்கி அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று வந்தது. இத்தனை நாளாக வாயைப் பொத்திக்கொண்டு அழுதவர்கள் எல்லாரும் மொத்தமாகச் சேர்த்து அழுதார்கள். அதன் நடுவே பஸ் வந்து திரும்பிப் போகிற சத்தமும் கேட்டது.

மறுநாள் காலையில் மையத்தின் வாசலில் லோசனியின் ஆபீஸ் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்தாள். வாட்ச்மேன் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், நீங்க காலமாயிட்டதாக் காட்டுது."

"தெரியும். இம்மானுவேல் சாரைக் கூப்பிடுங்க."

இம்மானுவேல் கதவுக்கு வெளியே வந்தார். இரவெல்லாம் தூங்காத முகம். அவளைத் தொட்டுப் பார்க்கலாமா என்பதுபோல ஒருமுறை கையை நீட்டி, இழுத்துக்கொண்டார்.

"கரைமேட்டுத் தெரு சிவப்பு மேடம். பதினாலு போஸ்டர். உங்களோட சேத்து. விடியும்போதே வேன் போயிருச்சு. உங்க அக்காவுக்கு ஊசி போட்டாச்சாம், இப்பத்தான் தகவல் வந்துச்சு. எதிர்த்த வீட்டுப் பெரியவருக்கு மட்டும் நேரம் தப்பிப்போச்சு, காப்பாத்த முடியல." அவர் குரலைத் தாழ்த்தினார். "புது சாருக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. ஒண்ணும் கேக்கல. உங்களைத் திரும்ப உயிரோட கொண்டு வரணும்னா இப்பவே விண்ணப்பம் போடச் சொல்றாரு. கையெழுத்துப் போட்டுத் தர்றேங்கிறாரு."

"போட்டா என்ன ஆகும்?"

இம்மானுவேலுக்கும் தெரியும். அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார். நீங்களும்தானே அந்த விதியை எழுதக் கூட உக்காந்திருந்தீங்க?"

"நீங்க உயிரோட இருந்தா அந்த போஸ்டர் பொய்யாகும். ஒரு பொய் மாட்டுனா, அலை முடியிற வரைக்கும் மத்த பதிமூணையும் இயந்திரம் நம்பாது. தெரு மறுபடி பச்சையாயிரும். ரெண்டாவது ஊசி வராது."

"ரெண்டாவது ஊசி இல்லாட்டி முதல் ஊசி வீண்" என்றாள் லோசனி.

"சம்பளம் வராது மேடம். பேங்க்ல கார்டு வேலை செய்யாது. ஆஸ்பத்திரிக்குப் போனா உங்களைப் பதிய மாட்டாங்க. உங்களுக்கே காய்ச்சல் வந்தா..."

லோசனி கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தாள். வருஷக்கணக்கில் முதல்முறையாக அவளுக்கு எங்கேயும் அவசரமாகப் போகவேண்டியதில்லை. அந்த நினைப்பில் பயத்தோடு கொஞ்சம் நிம்மதியும் கலந்திருந்தது. அதற்காக வெட்கப்படவும் அவளுக்குத் தெம்பு இல்லை.

தெருமுனையில் தட்டி கட்டி அடைத்திருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அவளுடைய அடையாள அட்டையைக் கருவியில் காட்டிவிட்டு, கருவியையும் அவளையும் பார்த்தார். உள்ளே போகக் கூடாதவர்களின் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை, போகலாம் என்பவர்களின் பட்டியலிலும் இல்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டியைக் கொஞ்சம் நகர்த்தினார்.

சுவர் நிறைந்திருந்தது. தர்மராசு, முக்குக் கடைக்காரரின் மனைவி, கோமதியின் மகள். பரிசத்தோடு நின்றுபோன அந்தப் பெண்தான். அவளும் போயிருக்கிறாள், கோமதி நேற்றுப் போட்ட சத்தம் எதற்கென்று லோசனிக்கு இப்போதுதான் விளங்கியது. எல்லார் போஸ்டருக்கும் பூ வைத்திருந்தார்கள். அவளுடையதற்கும் யாரோ ஒரு முழம் கனகாம்பரம் வைத்திருந்தார்கள்.

பொன்னையா சுவருக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"அம்சா தூங்குறா. படுத்துத் தூங்குறா" என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சுவரைக் காட்டினார். "உன்னுதைக் கிழிச்சிரவாம்மா? பாக்கவே மனசு என்னமோ பண்ணுது."

"வேண்டாம் அத்தான். இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"தெரு நிஜமாவே பச்சையாகுற வரைக்கும்."

நேற்று அவள் சரியாக ஒட்டாத ஓரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பொன்னையா வாளியில் மிச்சமிருந்த பசையைக் கையால் அள்ளி அந்த ஓரத்தில் தடவி, உள்ளங்கையால் நன்றாக அழுத்தி ஒட்டினார்.